டாகர்ஹார்ட்டா, புது டி அண்ட் டியா, ஷேடோடார்க்கா? வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

"அண்ணே, டாகர்ஹார்ட் வாங்கட்டுமா, இல்ல புது டி அண்ட் டி மூணு புத்தகத்தையும் சேர்த்து வாங்கிப் போட்டுரட்டுமா?" தென்காசியிலிருந்து, புனலூரிலிருந்து, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து என்று இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023க்கும் 2025க்கும் இடையில் ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு) பக்கம் வந்து குவிந்ததைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். 1974ல் பிறந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது டி அண்ட் டி, தன் 50ஆவது வருடத்தில் தொடங்கி மூன்று அடிப்படைப் புத்தகங்களையும் திருத்தி எழுதிக் கொண்டுவந்தது. ஆர்.பி.ஜி. ஆடுவதையே வீடியோத் தொடராகப் போடுகிற கிரிட்டிக்கல் ரோல் ஆட்கள் தங்கள் பதிப்பகமான டேரிங்டன் பிரஸ் மூலம் 2025 மே மாதம் டாகர்ஹார்ட்டை இறக்கினார்கள். அதே வருடம் எம்.சி.டி.எம். நிறுவனத்தின் டிரா ஸ்டீல். அதற்கு முன்னால் 2023லேயே ஷேடோடார்க், டிராகன்பேன். நானும் இதெல்லாம் வரும்போது தூக்கம் கெட்டு முன்னோட்டம் பார்க்கிற ஆள்தான், அதனால் "ஒண்ணு போதும், எதுக்கு இத்தனை" என்று புத்திமதி சொல்லப் போவதில்லை.

ஆனால் அலமாரியில் வைத்துப் படிக்க வாங்குகிறீர்களா, நாலு பேரை உட்காரவைத்து ஆட வாங்குகிறீர்களா என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். படிக்க என்றால் எது பிடிக்கிறதோ அதை வாங்குங்கள், இந்தக் கட்டுரை தேவையே இல்லை. ஆட என்றால் மேலே படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

விதி நல்லதா, ஓவியம் அழகா என்பதெல்லாம் அப்புறம். நான் முதலில் பார்ப்பது ஜி.எம். (கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) ஆக உட்காரப் போகிறவருக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் என்பதை. ஐந்து பேர் குழுவில் விதிப்புத்தகத்தை முழுசாகப் படிக்கப் போவது ஒரே ஆள், அதுவும் வேலை முடிந்து வந்து ராத்திரியில். அந்த ஆள் சலித்துவிட்டால் விளையாட்டு நின்றுவிடும், புத்தகம் எத்தனை ஆயிரமாக இருந்தாலும் சரி.

அடுத்தது நேரம். எங்கள் மேஜை செங்கோட்டையில். பாதிப் பேர் ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம், தென்மலை, புனலூரிலிருந்து வருகிறவர்கள். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, அதனால் இந்தப் போக்குவரத்து இங்கே யாருக்கும் புதிதில்லை. ஆனால் திரும்பிப் போகிற பஸ்ஸும் ரயிலும் நம் சண்டைக் காட்சி முடியக் காத்திருக்காது. மூன்று மணி நேரத்தில் ஏதாவது ஒன்று நடந்து முடியவேண்டும். அமெரிக்க வீடியோக்களில் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு அதே அளவில் திட்டம் போட்டால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதிச் சண்டையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

மூன்றாவது, ஆள் வராத நாளில் என்ன ஆகும். நாலாவது, பேச்சு. புத்தகம் எல்லாமே ஆங்கிலம். எங்கள் மேஜையில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும், "ஏலே, உன் முறை" என்பதற்கு "ஞான் ஓடி" என்று பதில் வரும். இதற்கு நடுவில் விதியை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவேண்டும். ஒவ்வொரு முறையும் ஆங்கிலப் பத்தியை எடுத்து உரக்கப் படித்தால் கதை அங்கேயே செத்துப்போகும்.

பணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முக்கியமில்லை என்று அர்த்தமில்லை, அதில் ஒளிந்திருக்கிற செலவுகள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| | ஜி.எம்.மின் வீட்டுப்பாடம் | 3 மணி நேரத்தில் | ஆள் குறைந்தால் | ஒளிந்த செலவு |
|---|---|---|---|---|
| டி அண்ட் டி (2024) | அதிகம் | ஒரு பெரிய சண்டை, கொஞ்சம் கதை | சண்டைக் கணக்கு மாறும் | மூன்று புத்தகம், டிஜிட்டல் தனி |
| டாகர்ஹார்ட் | நடுத்தரம், ஆனால் சமயோசிதம் வேண்டும் | நிறைய நடக்கும் | சமாளிக்கலாம் | கார்டு, உறை |
| ஷேடோடார்க் | குறைவு | ஒரு குகை முழுசாக | கவலையே இல்லை | செத்த கேரக்டர்கள் |
| டிராகன்பேன் | குறைவு | ஒரு சின்ன சாகசம் | தனியாகக்கூட ஆடலாம் | பெட்டி, சுங்கம் |
| டிரா ஸ்டீல் | அதிகம் | ஒரு சண்டை | திணறும் | கட்டம் போட்ட வரைபடம், பொம்மைகள் |

## டி அண்ட் டி, 2024 பதிப்பு

பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் நவம்பரில், மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில். ஒவ்வொன்றும் 384 பக்கம், அட்டை விலை ஒவ்வொன்றுக்கும் 49.99 டாலர். மூன்றையும் சேர்த்தால் 150 டாலர், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேலே போகும். இது ஒரு பகடைகூட வாங்குவதற்கு முன்னால்.

புதுப் பதிப்பு நன்றாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. பழைய 2014 புத்தகத்தில் சண்டைவீரன் "வெட்டுகிறேன், மறுபடி வெட்டுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்போது ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனி வித்தை கொடுத்திருக்கிறார்கள், ஒன்று எதிரியைத் தள்ளும், ஒன்று கீழே சாய்க்கும். 12 வகுப்பு (சண்டைவீரன், மந்திரவாதி மாதிரி கேரக்டர் வகை), ஒவ்வொன்றுக்கும் நாலு கிளை. மான்ஸ்டர் மேனுவலில் 500க்கு மேல் ஜந்துக்கள். புதிதாக வருகிற ஆளுக்கு உதவ உலகத்தில் எந்த ஆர்.பி.ஜி.க்கும் இல்லாத அளவு வீடியோ, ஆப், அரட்டை எல்லாம் இதற்கு இருக்கிறது. "டி அண்ட் டி ஆடுறோம், வர்றியா" என்று கேட்டால் வருகிற ஆள் வேறு பெயரைச் சொன்னால் வரமாட்டான், இது பெரிய விஷயம், சின்ன ஊரில் ஐந்தாவது ஆளைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இடிக்கிற இடம் வேகம். ஐந்தாறு லெவல் தாண்டினால் ஒவ்வொருவர் முறையும் நீள்கிறது, ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் என்று ஒருவர் யோசிக்கும்போது மற்ற நாலு பேரும் போனை எடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று, அச்சுப் புத்தகம் வாங்கினால் டி அண்ட் டியின் டிஜிட்டல் தளமான டி அண்ட் டி பியாண்டில் அதே புத்தகம் தானாகத் திறக்காது, இரண்டும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு. குழுவில் எல்லோரும் ஆப்பிலேயே கேரக்டர் செய்து பழகிவிட்டால் அப்புறம் அச்சுப் புத்தகம் தூசி தட்டத்தான்.

ஆனால் மூன்று புத்தகமும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடிப்படை விதிகள் 5.2 என்ற பெயரில் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிவிட்டன, சட்டப்படி இலவசம். 2023 ஜனவரியில், மற்றவர்களும் டி அண்ட் டி விதிகளைப் பயன்படுத்த விட்டிருந்த பழைய திறந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்று கிளம்பிய களேபரத்துக்குப் பிறகுதான் இந்த மனமாற்றம். ஓவியம் இருக்காது, எல்லாக் கிளைகளும் இருக்காது. ஆட அது போதும்.

புதிதாகத் தொடங்குகிற குழுவுக்கு நான் சொல்வது மூன்று புத்தகத்தை அல்ல, 2025 செப்டம்பரில் வந்த ஹீரோஸ் ஆஃப் தி பார்டர்லேண்ட்ஸ் தொடக்கப் பெட்டியை. நாலு வகுப்பு, மூன்று லெவல், கேரக்டரே கார்டுகளாக வந்துவிடுகிறது. இன்னது உன் கவசம், இன்னது உன் மந்திரம் என்று கையில் எடுத்துக் கொடுத்துவிடலாம், ஆங்கிலப் பத்தி படிக்கிற வேலை பாதி மிச்சம். பெயரிலேயே பார்டர் இருப்பதால் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம், அவ்வளவுதான்.

## டாகர்ஹார்ட்

எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது, அதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்தது வேறு, உங்களுக்குச் சரிவருவது வேறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

டி அண்ட் டியின் 20 முகப் பகடைக்குப் பதில் இங்கே 12 முகப் பகடை இரண்டு, வேறு வேறு நிறத்தில். ஒன்று நம்பிக்கை, ஒன்று பயம். இரண்டையும் உருட்டிக் கூட்டவேண்டும், கூட்டுத்தொகை வெற்றியா தோல்வியா என்று சொல்லும், எந்தப் பகடை பெரிதாக விழுந்தது என்பது அந்த வெற்றியோ தோல்வியோ எப்படிப்பட்டது என்று சொல்லும். நம்பிக்கை பெரிது என்றால் ஆட்டக்காரருக்கு ஒரு நம்பிக்கைப் புள்ளி. பயம் பெரிது என்றால் ஜி.எம்.முக்கு ஒரு பயப் புள்ளி, அவர் அதைச் சேர்த்துவைத்து வேண்டாத நேரத்தில் வெடிப்பார். இரண்டும் ஒரே எண் விழுந்தால் கிரிட்டிக்கல், அதாவது அமோக வெற்றி.

படிக்கும்போது சிக்கலாகத் தெரியும், மேஜையில் அப்படி இல்லை. கழுதுருட்டி பக்கத்தில் ரயில் போகிற பதிமூணு கண்ணறைப் பாலம் எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதால் அதையே கதைக்குள் கொண்டுவந்திருந்தேன். மழையில் பாலம், பின்னால் துரத்துகிற கூட்டம். புனலூர்க்காரன் தன் ரேஞ்சர் கேரக்டரை வைத்துக் கைப்பிடிச் சுவர் மேலேயே ஓடுகிறேன் என்றான். கடினம் 14, அதாவது கூட்டுத்தொகை 14ஐ எட்டவேண்டும் என்றேன். நம்பிக்கை 5, பயம் 9, அவனுக்குக் கூடுதல் 2, மொத்தம் 16. தாண்டிவிட்டான், ஆனால் பயத்தோடு. அந்தக் கரையில் கால் வைக்கும்போது தோள்பை அறுந்து ஆற்றில் விழுகிறது, பைக்குள்தான் அவன் மூன்று வாரமாகப் பாதுகாத்து வைத்திருந்த கடிதம். மேஜையே எழுந்துவிட்டது. டி அண்ட் டியில் அதே 16க்கு "சரி, தாண்டிட்ட" என்பதோடு முடிந்திருக்கும்.

இதன் மறுபக்கம் இங்கேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் நூற்றுக்கு 46 உருட்டல் பயத்தோடு வரும். அத்தனை தடவையும் ஜி.எம். அந்த இடத்திலேயே ஏதாவது ஒன்றைக் கற்பனை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கதை சொல்லும் வாய் உள்ள ஆளுக்கு இது கொண்டாட்டம். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நடத்துகிற, கொஞ்சம் கூச்சமுள்ள ஆளுக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும். சண்டையில் வரிசை முறையும் கிடையாது, யாருக்குத் தோன்றுகிறதோ அவர் செய்யலாம். சத்தமாகப் பேசுகிற ஆள் ஒருவன் எல்லா மேஜையிலும் இருப்பான், அவனை அடக்கி, ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து "நீ என்ன பண்ற தங்கச்சி" என்று கேட்கிற வேலையும் ஜி.எம். தலையில்தான்.

பெட்டியில் புத்தகத்தோடு 270 கார்டுகள் வருகின்றன, அட்டை விலை 59.99 டாலர். மூன்று புத்தகம் தேவையில்லை என்பதால் டி அண்ட் டியை விட மலிவு. ஆனால் கார்டு ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான். இரண்டு பேர் ஒரே வகை வித்தையை எடுத்தால் ஒருவர் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அச்சடிக்க வேண்டும். விதித்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது, தொடக்க சாகசமும் இலவசம், அதனால் பெட்டி வாங்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்துவிடலாம்.

"கிரிட்டிக்கல் ரோலே தங்கள் நாலாவது பெரிய தொடருக்கு டி அண்ட் டிதானே எடுத்தாங்க, அப்ப இது தேறாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எடுத்தார்கள், உண்மைதான். அதே வருடம் டி அண்ட் டியைப் பல வருடம் வடிவமைத்த ஜெரமி க்ராஃபர்டும் கிறிஸ் பெர்கின்ஸும் டேரிங்டன் பிரஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள், அதுவும் உண்மைதான். அவர்கள் வியாபாரம் அவர்களுக்கு. உங்கள் மேஜைக்கு இரண்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

## ஷேடோடார்க்

கெல்ஸி டியான் எழுதியது, 2024ல் ஆர்.பி.ஜி.களுக்கான என்னி விருதுகளில் வருடத்தின் சிறந்த படைப்பு என்று பரிசு வாங்கியது. ஒரே புத்தகம். நாலு வகுப்பு. குணங்களை மூன்று பகடை உருட்டி, விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளவேண்டும், டீ ஆறுவதற்குள் கேரக்டர் தயார்.

இதன் முத்திரை தீப்பந்தம். பந்தம் ஒரு மணி நேரம் எரியும், கதையில் அல்ல, நிஜக் கடிகாரத்தில். போனில் டைமர் வைத்துவிட்டுக் குகைக்குள் இறங்கவேண்டும். இருட்டில் பார்க்கிற கண் எந்த ஆட்டக்காரருக்கும் கிடையாது. நாற்பது நிமிடம் ஆனதும் மேஜையில் பேச்சு எப்படிக் குறைகிறது என்று பாருங்கள், வெட்டி அரட்டை தானாக நிற்கும். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் உள்ள மேஜைக்கு இதைவிடப் பொருத்தமான விதியை வேண்டுமென்றே எழுதினால்தான் உண்டு. (புரோட்டா வந்தால் டைமரை நிறுத்தலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. என் தீர்ப்பு, நிறுத்தக்கூடாது.)

ஒருவன் இந்த வாரம் வரவில்லையா, அவன் கேரக்டர் ஊரிலேயே தங்கிவிட்டது, அடுத்த வாரம் வேறு ஆள் வந்தால் அவனும் ஒரு பந்தத்தோடு இறங்கலாம். விதி முழுக்க வாயால் சொல்லி முடிக்கிற அளவுதான், மலையாளத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் பத்து நிமிடம்.

யாருக்கு ஆகாது? கேரக்டருக்கு முன்கதை எழுதி, படம் வரைந்து, பெயர்சூட்டு விழா நடத்துகிறவர்களுக்கு. இங்கே சாவு சகஜம். இரண்டு மணி நேரத்தில் இரண்டாவது கேரக்டரை உருட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரே கதை வருடக்கணக்கில் ஓடவேண்டும், வில்லனுக்கும் நாயகனுக்கும் பகை வளரவேண்டும் என்று ஆசைப்படுகிற குழுவுக்கு டாகர்ஹார்ட்தான். இதன் குயிக்ஸ்டார்ட் பி.டி.எஃப். இலவசம், ஆட்டக்காரருக்கு ஒன்று, ஜி.எம்.முக்கு ஒன்று. பல குழுக்கள் அதைத் தாண்டி எதையும் வாங்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகின்றன.

## டிராகன்பேன்

சுவீடனில் 1982லிருந்து ஓடுகிற விளையாட்டின் புது வடிவம், ஃப்ரீ லீக் வெளியீடு. பெட்டிக்குள் விதிப்புத்தகம், சாகசப் புத்தகம், பகடை, கார்டு, வரைபடம், நிறுத்திவைக்கிற அட்டை உருவங்கள், தனியாக ஆட ஒரு சாகசம் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது, இன்னொன்று வாங்கவே வேண்டாம். 20 முகப் பகடையில் உங்கள் திறமை எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் வெற்றி, 1 விழுந்தால் டிராகன் (அமோக வெற்றி), 20 விழுந்தால் டீமன் (படுதோல்வி). மான்ஸ்டர் அடித்தால் தானாகவே படும், என்ன அடி என்பதற்கு மட்டும் ஒரு பகடை. விலகித் தப்பிக்கப் பார்க்கலாம், ஆனால் அதற்கு உங்கள் முறை போய்விடும். இந்த ஒரு விதியிலேயே சண்டை சூடாகிவிடுகிறது. வாத்து மனிதனாக ஆடலாம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம்.

## டிரா ஸ்டீல், பாத்ஃபைண்டர்

இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுகிறேன். டிரா ஸ்டீலில் இரண்டு 10 முகப் பகடை, அடி தவறுவதே கிடையாது, 11 வரை ஒரு பலன், 12லிருந்து 16 வரை ஒரு பலன், 17க்கு மேல் ஒரு பலன். சண்டைதான் உயிர், அந்தச் சண்டை உண்மையிலேயே அருமை. ஆனால் கட்டம் போட்ட வரைபடம் விரித்து உருவங்களை நகர்த்தி ஆடவேண்டும், விதி கனம், ஒரு மாலைக்கு ஒரு சண்டை. மாதம் ஒரு முறை முழுநாள் கூடுகிற, சதுரங்க மூளை உள்ள குழுவுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். பாத்ஃபைண்டரின் 2023 திருத்தப் பதிப்பும் கிட்டத்தட்ட அதே ஆட்களுக்கு, அதன் விதி முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது என்பது பெரிய வசதி.

## விலைப்பட்டியலில் இல்லாத செலவு

ஒன்று, சுங்கம். வெறும் புத்தகம் வருவதும், பகடையும் உருவமும் கார்டும் உள்ள பெட்டி வருவதும் சுங்கத்தில் ஒன்றல்ல. பெட்டியை விளையாட்டுச் சாமானாகப் பார்த்துத் தீர்வை போட்டால் அட்டை விலை மறந்துபோகும். இந்தியாவுக்குள் இருப்பு வைத்து விற்கிற கடையில் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைத்தாலும் பெட்டியை அங்கேயே வாங்குங்கள்.

இரண்டாவது சாரல். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு ஊரே மகிழ்ச்சியாக வரும், அதே ஈரத்தில் நம் கார்டுகள் அப்பளம் மாதிரி நெளியும். கணவாயை ஒட்டிய வீடு என்றால் கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். டாகர்ஹார்ட் வாங்குகிறவர்கள் உறைக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள், அதுவும் பார்டர் புரோட்டா சாப்பிட்ட கையோடு கார்டைத் தொடுகிற நண்பர்கள் இருந்தால் உறை கட்டாயம். காற்றுப் புகாத டப்பாவும் உள்ளே போட சிலிக்கா பொட்டலமும் பெரிய செலவில்லை. பி.டி.எஃப். வாங்கி டேப்லெட்டில் வைத்துக்கொண்டால் இந்தப் பாடே இல்லை, ஆனால் அதே சாரலில் கரண்டும் போகும்.

## என் கையில் காசு கொடுத்தால்

புதுக் குழு, ஜி.எம்.மும் புதிது என்றால் டி அண்ட் டி தொடக்கப் பெட்டி, அல்லது டிராகன்பேன். இரண்டில் எது கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறதோ அது. ஏற்கெனவே ஆடிப் பழகிய, ஆனால் ஆள் வருவதும் வராததுமாக இருக்கிற எல்லைப்புறக் குழுவுக்கு ஷேடோடார்க். நாலு பேர், நாலு பேரும் ஒழுங்காக வருவார்கள், ஜி.எம்.முக்கு வாய் உண்டு என்றால் யோசிக்காமல் டாகர்ஹார்ட். மூன்று பெரிய டி அண்ட் டி புத்தகங்கள், ஏற்கெனவே 2014 பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிற கேம்பைன் (தொடர்கதை) உள்ளவர்களுக்கு மட்டும், அதிலும் முதலில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மட்டும், மற்ற இரண்டும் தேவைப்பட்டால் அப்புறம்.

எதை எடுத்தாலும் ஆர்டர் போடுவதற்கு முன் இலவசப் பதிப்பை இறக்கி, ஜி.எம். ஆகப் போகிறவரிடம் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். அடுத்த ஞாயிறு அவரே "எப்ப ஆடலாம்" என்று போன் செய்தால் வாங்கலாம். நீங்கள் போன் செய்து "படிச்சியா" என்று கேட்கவேண்டி வந்தால் பட்டியலில் அடுத்ததை இறக்குங்கள். டாகர்ஹார்ட் சோதிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு, சாதாரண ஏழு பகடை செட்டில் 12 முகப் பகடை ஒன்றுதான் இருக்கும், ஆளுக்கு இரண்டு நிறத்தில் வேண்டும் என்பதால் நண்பர்களின் செட்டுகளை ஒன்றாகக் கொட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள், அதற்காகப் புதிது வாங்கவேண்டாம்.